மகளை ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், ஹோட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. கொரோனாவில் படுத்த தொழில், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். இந்தத் தொழிலுக்கு உண்மையில் எதிர்காலம் இருக்கிறதா?

நான் 26 வருடமாக இதில் இருக்கிறேன். திருச்சியில் ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸில் சேர்ந்து நைட் டியூட்டி பார்த்தேன். அப்புறம் சென்னை. இப்போது மதுரையில் 34 ரூம் உள்ள ஒரு லாட்ஜையும் அதன் கீழேயே இருக்கும் சைவ ஹோட்டலையும் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி வேறொருவர், திட்டு வாங்குவது நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் லாட்ஜில் ராமேஸ்வரம் போய்விட்டு வந்த ஒரு குஜராத்திக் குடும்பம் மாட்டிக்கொண்டது. பல நாள் அவர்களுக்கு நானும் ஒரு ரூம் பாயும்தான் சமைத்துப் போட்டோம். மாவு புளித்து வீணாகக் கூடாது என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். அந்த வருடம் முழுக்க நஷ்டம், அடுத்த வருடம் பாதி நஷ்டம்.

ஆனால் வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை என்பது தவறு. 2022இல் தமிழ்நாட்டுக்கு வந்துபோன உள்நாட்டுப் பயணிகள் 21 கோடிக்கு மேல். கோயிலுக்கு வந்துவிட்டு அன்றைக்கே திரும்புகிறவர்களையும் சேர்த்த கணக்கு அது, அத்தனை பேரும் ரூம் எடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. இருந்தாலும் கார்த்திகையில் ஆந்திர, கர்நாடக ஐயப்ப சாமிகள், சித்திரையில் திருவிழாக் கூட்டம், முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம், நடுவில் ராமேஸ்வரம், மதுரை, கன்னியாகுமரி என்று சுற்றுகிற வடநாட்டு பஸ்கள் என்று ரூம் காலியாக இருக்கிற நாட்கள் குறைந்துதான் இருக்கின்றன. அந்த பஸ்களில் சமையல்காரரும் அடுப்பும் கூடவே வந்துவிடும், எங்கள் சாம்பார் விற்காது என்பது வேறு கதை.

அப்புறம் எது திரும்பவில்லை? ஆட்கள்.

ஊரடங்கில் ஊருக்குப் போன எங்கள் பையன்களில் பாதிப் பேர் வரவே இல்லை. ஒருவன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள். 18 வருடம் இருந்த சரக்கு மாஸ்டர், அதாவது சாம்பார், சட்னி, குருமா எல்லாம் போடுகிறவர், ஊரிலேயே ஒரு தள்ளுவண்டி போட்டுவிட்டார். போனில் கூப்பிட்டேன். "சார், இங்க சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைத் திறந்து பத்துக்கு மூடிடறேன். பகல் பூரா வீட்ல இருக்கேன். பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பதான் என் பொண்ணு என்ன கிளாஸ் படிக்கிறான்னு எனக்குத் தெரியும்" என்றார். என்ன பதில் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகள் இந்தத் தொழிலுக்கு வந்தால் அவளுக்கு முதல் தலைவலியும் முதல் வாய்ப்பும் இதுதான்.

எங்கள் ஊர்ப்பக்க ஹோட்டல்கள் எல்லாம் பசியின் மேல் கட்டியவை. வானம் பார்த்த பூமியில், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், மழை பொய்த்த வருடம் ஒரு பையன் பஸ் ஏறி வருவான். டேபிள் துடைக்கச் சேர்வான். மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க மொட்டை மாடி. அது போதும். கிளீனர் சப்ளையர் ஆவான், சப்ளையர் மாஸ்டர் ஆவான், கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால் அடுத்த தெருவில் தானே ஒரு கடை போடுவான். இன்றைக்குப் பெயர் சொல்லும் பல ஹோட்டல் குடும்பங்களின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. உடுப்பியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் கதையும் இதேதான்.

அந்த ஏணி உடைந்துவிட்டது, நல்ல காரணத்துக்காக உடைந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தது, பக்கத்து ஊரில் காலேஜ் வந்தது. 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்திய சராசரி 28. அந்த சப்ளையரின் மகன் இன்றைக்கு இன்ஜினியர். டேபிள் துடைக்க அவன் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? சங்கக் கூட்டங்களில் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்க வணங்கல" என்று முதலாளிகள் புலம்பும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளும் ஹோட்டலுக்கு வருவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

அந்த இடத்துக்கு இப்போது ஒடிசா, பீகார், அசாம், நேபாளத்திலிருந்து பையன்கள் வருகிறார்கள். எங்களிடம் தோசைக்கல்லில் நிற்பவன் அசாம்காரன். வந்த புதிதில் கல் சூடு தெரியாமல் மாவை ஊற்றி, கரண்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வருவான். தண்ணீர் தெளித்து, அது உருண்டு ஓடினால் சூடு அதிகம், அப்படியே கிடந்து கொதித்தால் சூடு பத்தாது, பட்டவுடன் பரவி ஆவியானால் தென்னங்குச்சித் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாவை ஊற்று என்று பழைய மாஸ்டர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு இந்தி தெரியாது, இவனுக்கு அப்போது தமிழ் தெரியாது. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டான். இப்போது பஸ் போர்டு படிக்கிறான், வாடிக்கையாளரிடம் "அண்ணே, முறுகலா?" என்று கேட்கிறான்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின, ஞாபகம் இருக்கும். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஹோலி நெருங்கும் சமயம். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு எங்கள் பையன்கள் நான்கு பேர் பையோடு கல்லா முன்னால் நின்றார்கள். ஒருவன் போனில் அவன் அம்மா அழுகிறார். வீடியோ பொய் என்று போலீஸ் சொன்னதைக் காட்டினேன். நம்பினார்கள், ஆனாலும் போனார்கள். அன்றைக்கு இட்லி அடுப்பில் நான் நின்றேன், வேட்டியைப் பாதிக்குமேல் சாம்பார் நனைத்தது. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் வீடியோவால் மதுரையில் காலை டிபன் நிற்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒடிசாப் பையனும் எத்தனை நாளைக்கு வருவான்? அவன் ஊரிலும் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் வரும், வரட்டும். அப்போது எங்கே போவோம்? அதற்கு மேல் பஸ் வரும் ஊர் இல்லை. இந்த இடத்தில்தான் தொழில் மாறியாக வேண்டும், சில இடங்களில் மாறவும் தொடங்கியிருக்கிறது.

எங்கள் உதாரணத்தையே சொல்கிறேன். ஹோட்டலில் பிரேக் டியூட்டி என்று ஒன்று உண்டு. காலை ஆறு முதல் பதினொன்று வரை வேலை, நடுவில் விடுவார்கள், திரும்ப சாயங்காலம் ஐந்து முதல் ராத்திரி பதினொன்று. கணக்குக்குப் பதினொரு மணி நேரம். ஆனால் மனுஷனுக்கு நாள் முழுவதும் போய்விடும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஊருக்கும் போக முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. ஊரடங்குக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது முதலாளியிடம் சண்டை போட்டு இதை நேர் ஷிஃப்டாக மாற்றினேன். மூன்று ஆட்கள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. வாரம் ஒருநாள் லீவு, சம்பளத்தோடு. முதலாளி மூன்று மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்பு கீழே வேலை செய்த 16 பேரில் வருடத்துக்கு 10, 12 பேர் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் மாறியது 4 பேர். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் உடைகிற தட்டும், தப்பாகப் போகிற ஆர்டரும், கோபித்துக்கொண்டு போகிற வாடிக்கையாளரும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. அதை எழுதிப் பார்த்திருந்தால் அந்த மூன்று ஆள் சம்பளம் எப்போதோ திரும்பி வந்திருக்கும்.

2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று. எத்தனை ஹோட்டலில் சப்ளையர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்? எங்களிடம் சாம்பார் வாளி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் யாரும் உட்காரவில்லை, கூச்சம். இப்போது மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்த ஸ்டூலுக்குப் போட்டி.

இன்னொரு சின்ன விஷயம், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. டிப்ஸ். எல்லோரும் போனில் ஸ்கேன் செய்து கட்ட ஆரம்பித்த பிறகு பில் புத்தகத்தில் பத்து ரூபாய் விட்டுப்போகிற பழக்கம் போய்விட்டது. சப்ளையர்களுக்கு அது மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் இழப்பு. இதற்கென்று தனியாக ஒரு கியூஆர் அட்டை வைத்தோம். பழைய அளவு வரவில்லை, ஆனாலும் வருகிறது. சனிக்கிழமை ராத்திரி கிளீனர் வரை பிரித்துக்கொள்கிறார்கள்.

சரி, ஆள் பிரச்சினை போதும். அடுத்தது நடுவில் நிற்பவர்கள்.

ஸ்விகி, ஜொமேட்டோ மாதிரிச் சாப்பாட்டுச் செயலியில் 200 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெய் ரோஸ்ட், ஒரு பொங்கல். கமிஷன் 25 சதவீதம் என்றால் 50 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 9 ரூபாய். வாடிக்கையாளருக்குக் காட்டும் தள்ளுபடியில் எங்கள் பங்கு 20. டப்பா, சட்னி சாம்பார் கவர், பை எல்லாம் 12. மிச்சம் 109. அரிசி, உளுந்து, நெய், முந்திரிக்கு 75 போகும். கையில் நிற்கிற 34 ரூபாயில் வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட் எல்லாம் பார்க்க வேண்டும். செயலியில் விலையை ஏற்றிப் போட்டால் அதையும் சில நேரம் கேள்வி கேட்பார்கள். வேண்டாம் என்று விலகினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் ஆர்டர். 2025 ஜூலையில் நாமக்கல் ஹோட்டல்காரர்கள் ஸ்விகி, ஜொமேட்டோவுக்குச் சாப்பாடு தருவதில்லை என்று ஒன்றாக முடிவெடுத்தார்கள். சின்ன ஊர், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், அதனால் முடிந்தது. மதுரையில், சென்னையில் அந்த ஒற்றுமை வராது என்றுதான் நினைக்கிறேன்.

ரூம் விஷயமும் இதே கதைதான். ஒரு முன்பதிவுத் தளத்தில் எங்கள் ரூமை 1,200 ரூபாய்க்குப் போட்டிருந்தோம். எங்களைக் கேட்காமலே 899க்கு விற்றிருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து நிற்கிறது, போனில் 899 என்று தெளிவாக இருக்கிறது. தளத்துக்குப் போன் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களிடம் சண்டை போட முடியுமா? சாவியைக் கொடுத்தேன். பெரிய அளவிலும் இந்தப் புகார்கள் போயிருக்கின்றன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோவுக்கு 223 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. தங்கள் தளத்தில் போட்டிருப்பதைவிடக் குறைந்த விலைக்கு ஹோட்டல்கள் வேறெங்கும் ரூம் விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. அது மேல்முறையீட்டுக்குப் போனது. நாங்கள் செய்தது வேறு: வந்து தங்குகிற ஒவ்வொருவரிடமும் செக்-அவுட் நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்து, "அடுத்த தடவை நேரா எங்களுக்கே சொல்லுங்க, அதே ரூம், பத்து பர்சென்ட் குறைவு" என்று சொல்கிறோம். பஸ்ஸில் வருகிற டூர் மேனேஜர்களில் பாதிப் பேர் இப்போது நேராகத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாக முடிக்கிறேன். 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னால் ஒரு ஹோட்டல் அதிபர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், அதனால் வாடிக்கையாளர் பன்னைத் தனியாக, க்ரீமைத் தனியாகக் கேட்கிறார் என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்டதும், அந்த வீடியோ வெளியானதும் தெரியும். ரூம் வரி எத்தனை தடவை மாறியது பாருங்கள்: 1,000 ரூபாய் வரையிலான ரூமுக்கு வரியே இல்லாமல் இருந்தது, 2022 ஜூலையில் 12 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். வாடிக்கையாளருக்கு நல்லது. ஆனால் ஏசி வாங்கினாலும், பெயின்ட் அடித்தாலும், லாண்டரிக்குக் கொடுத்தாலும் நாங்கள் கட்டும் வரியை, வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் வரியிலிருந்து இனி கழிக்க முடியாது. அது அப்படியே செலவில் சேரும். இதில் சேரும்போதே ஒரு நல்ல ஆடிட்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விலைவாசி யாருக்கும் புதிதில்லை. 19 கிலோ சிலிண்டர் 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தொட்டது. அடுத்த வருடம் ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது ரசத்துக்குப் புளியைக் கூட்டினோம், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கண்டுபிடித்தார். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தியேட்டரில் பாப்கார்னுக்கு 200 ரூபாய் கொடுப்பவர், எங்களிடம் காபி ஐந்து ரூபாய் ஏறினால் கல்லாவில் நின்று கேள்வி கேட்கிறார். இட்லி என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்று ஊரே முடிவெடுத்துவிட்டது. இட்லியை மலிவாகக் கொடுக்க யார் மொட்டை மாடியில் படுத்தார் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

மலைப்பகுதியில் இன்னொரு வகைச் சிக்கல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ், அதாவது வண்டியில் போக ஆன்லைனில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து சீசனில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பே வந்தது: ஊட்டிக்கு வாரநாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அங்கே ஹோட்டல் வைத்திருக்கும் என் நண்பர்கள் உயர் நீதிமன்றத்தைக் கரித்துக்கொட்டுகிறார்கள். எனக்கு அந்த உத்தரவு சரியென்றே படுகிறது. தண்ணீர் இல்லாமல் ஹோட்டல் நடத்துவது எப்படி என்று 2019 கோடையில் சென்னையில் பார்த்தவன் நான். கை கழுவும் குழாயைப் பாதி மூடி, தட்டு கழுவத் தண்ணீர் இல்லாமல் இலைக்கு மாறி, மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்தின கடைகள் உண்டு. மலை காய்ந்து போனால் லாட்ஜுக்கு யார் வருவார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். மூன்று இடத்தில் பார்க்கிறேன்.

பெங்களூரில் 1980களில் ஆரம்பித்த தர்ஷினி முறை உங்களுக்குத் தெரியும்: நின்றுகொண்டே சாப்பிடுவது, டோக்கன் வாங்கி நீங்களே எடுத்துக்கொள்வது. அதையே புதுப் பளபளப்போடு 2021இல் அதே பெங்களூரில் ராமேஸ்வரம் கஃபே என்ற கடை செய்தது, வாசலில் கூட்டம் நிற்கிறது. சப்ளையர் இல்லை, எதிரிலேயே சமையல், கொஞ்சம் அயிட்டம் மட்டும். மெனுவில் 120 அயிட்டம் வைத்துக்கொண்டு திணறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய பாடம். நாங்கள் ராத்திரி மெனுவைப் பாதியாகக் குறைத்தோம், விற்பனை குறையவில்லை. மாவு, சட்னி, மசாலாவை ஒரே இடத்தில் தயாரித்து நான்கு கடைக்கு அனுப்புகிற சென்ட்ரல் கிச்சன் முறையும் பரவுகிறது. ருசி எல்லாக் கடையிலும் ஒன்றாகிவிடும் என்ற குறை நிஜம்தான். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு நான்கு இடத்தில் நான்கு பேர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தங்குவதற்கான காரணங்கள் கூடியிருக்கின்றன. வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களைப் போய்ப் பாருங்கள். பலகை வங்காள மொழியில் இருக்கும், ரிசப்ஷனில் வங்காளம் பேசுவார்கள், நோயாளிக்குத் தாங்களே சமைத்துக் கொடுக்க ரூமிலேயே அடுப்பு வசதி இருக்கும், மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள். எந்த கேட்டரிங் காலேஜும் இதைச் சொல்லித்தரவில்லை. வந்தவருக்கு என்ன தேவை என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவர்களுக்கு விசா குறைந்தபோது அவர்களை நம்பியிருந்த லாட்ஜ்களுக்கு அடி விழுந்தது, ஒரே வகை வாடிக்கையாளரை நம்பினால் அந்த ஆபத்தும் உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் வேறு மாதிரி. பூட்டிக்கிடந்த வீடுகள் விடுதியாகின. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம் போன்ற இடங்களுக்கு அந்த வீட்டையும் அந்தச் சமையலையும் பார்க்கவே வருகிறார்கள். ஆத்தங்குடித் தரையைத் துடைத்துப் பளபளப்பாக வைக்கத் தெரிந்த பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது.

மூன்றாவது அந்தப் பெண்கள்தான், உங்கள் மகள் உட்பட. எங்கள் மாதிரி நடுத்தர ஹோட்டல்களில் பெண்கள் என்றால் பாத்திரம் தேய்க்கவும் காய் நறுக்கவும் மட்டும் என்று வைத்திருந்தோம். ஆள் பஞ்சம் வந்த பிறகுதான் கண் திறந்தது. இன்றைக்கு எங்கள் ரிசப்ஷனில் பகலில் இருவரும் பெண்கள், ஸ்டோரைப் பார்ப்பதும் ஒரு பெண்தான். அந்த அம்மா வந்த பிறகு எண்ணெய் டின் காணாமல் போவது நின்றுவிட்டது, இதை எழுதக் கூடாதோ என்னவோ. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துபூர்வ சம்மதம், பாதுகாப்பு, வீடு போய்ச் சேர வண்டி எல்லாம் தர வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. பெரிய ஹோட்டல்கள் பின்பற்றுகின்றன. சின்ன இடங்களில் அந்த வண்டிச் செலவுக்குப் பயந்தே பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். உங்கள் மகள் வேலைக்குப் போகும் இடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதைவிட, நைட் டியூட்டி முடிந்தால் வண்டி உண்டா என்பதுதான்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனமான ஐஹெச்எம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் இருக்கிறது. தரமணிக்கு என்சிஹெச்எம் ஜேஇஇ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். தனியார் கல்லூரி என்றால் சேருவதற்கு முன் நேரில் போய், பயிற்சிச் சமையலறையில் அடுப்பு எரிகிறதா, கை வைத்தால் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் அங்கே யாரும் சமைப்பதில்லை என்று அர்த்தம்.

பெரிய நட்சத்திர ஹோட்டலில் பயிற்சியாளராகச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். எங்கள் பரோட்டா மாஸ்டர் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறார், பட்டம் வாங்கி வரும் பிள்ளை மாதம் 15,000க்குள் ஆரம்பிக்கிறது. முதல் மூன்று வருடம் அப்படித்தான். அதைத் தாண்டியவர்கள் வளைகுடா, மாலத்தீவு, கப்பல் என்று போகிறார்கள். இங்கேயே ஆஸ்பத்திரிகளில், விமான நிலையங்களில், ஐடி கம்பெனி கேன்டீன்களில் மேனேஜர்களாக இருக்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் இன்னும் ஹோட்டலிலேயே இருப்பது பாதிகூட இல்லை. மீதிப் பேரும் வீணாகப் போகவில்லை, நான்கு பேரைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்களை எல்லா இடத்திலும் தேடுகிறார்கள்.

என் யோசனை இது. பரீட்சை முடிந்ததும் கட்டணம் கட்டிவிடாதீர்கள். மே மாதத்தில் உங்கள் ஊரிலேயே தெரிந்த ஒரு நடுத்தர ஹோட்டலில், ஐந்து நட்சத்திரம் வேண்டாம், 20 நாள் பகல் ஷிஃப்டில் விட்டுப் பாருங்கள். ஒரு வாரம் ரிசப்ஷன், ஒரு வாரம் ரூம், மிச்ச நாள் கிச்சன். யாரோ ஒருவர் காபி ஆறிப்போச்சு என்று கத்துவார். படுக்கை விரிப்பு மாற்றி மாற்றி இடுப்பு வலிக்கும். வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிடுவாள். இருபத்தொன்றாவது நாள் காலை அவளாகவே எழுந்து கிளம்பினால் சேர்த்துவிடுங்கள், மைத்துனரை நான் பார்த்துக்கொள்கிறேன். மதுரைப் பக்கம் என்றால் எங்கள் லாட்ஜிலேயே ஏற்பாடு செய்கிறேன், ஸ்டோர் அம்மாவோடு விட்டுவிடலாம். செருப்பு மட்டும் நல்லதாக, மெத்தென்று, பின்பக்கம் மூடியதாக வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு ஸ்டூலில் உட்கார நேரம் கிடைப்பது மூன்று மணிக்கு மேல்தான், அதற்கும் போட்டி.